தரையில் எழுதிய பெயர்கள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில், பைட்டன்கான்ட் தெருவில், பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்று இருக்கிறது. 30 ஆண்டுகளுக்கு மேலாக அது டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். உள்ளே போகிறவர் பார்வை முதலில் தரையில்தான் விழும். நடுக்கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய தெரு வரைபடம் கிடக்கிறது. கையால் தீட்டிய வரைபடம். மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் உறை. அந்த உறையின் மேல் யாரும் நடக்கலாம், உட்காரலாம், ஒரு தெருவில் நின்றபடி அடுத்த தெருவில் காலை வைக்கலாம். ஹேனோவர் தெரு, கேலிடன் தெரு, டெனன்ட் தெரு, டைன் தெரு என்று மலைச் சரிவில் படர்ந்திருந்த ஒரு பேட்டை முழுவதும் காலடியில் விரிந்திருக்கிறது.

நின்று பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். நயம் தெரிய வேண்டுமானால் குனிய வேண்டும். தெருக்களின் கோடுகளைப் போட்டது ஓவியர்களின் கை. அந்தக் கோடுகளுக்கு இடையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் எழுத்துகள் வேறு பலருடையவை. இங்கே ஒரு குடும்பப் பெயர், அங்கே ஒரு வீட்டு எண், மூலையில் ஒரு கடை, கொஞ்சம் தள்ளி ஒரு பயாஸ்கோப் கொட்டகை. எல்லாம் அந்தப் பேட்டையில் வாழ்ந்தவர்கள் வந்து தம் கையாலேயே எழுதிவிட்டுப் போனவை. ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருந்த இடம் அது. ஆகவே வரைபடத்திலும் இடம் போதவில்லை. நேராக எழுதியது, சாய்த்து எழுதியது, தெருவின் வளைவோடு வளைத்து எழுதியது என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அச்செழுத்தில் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தியிருந்தால் தகவல் அப்படியே இருந்திருக்கும். ஆள் காணாமல் போயிருப்பார்.

சுவரில் மாட்டாமல் தரையில் விரித்ததுதான் இந்தக் காட்சியை அமைத்தவர்கள் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். சுவரில் இருக்கும் வரைபடத்தை நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம். தரையில் இருப்பதற்குள் இறங்கிவிடுகிறோம். பழைய தெரு ஒன்றை மனிதருக்கு நினைவூட்டுவதில் கண்ணைவிடக் காலுக்குப் பங்கு அதிகம். இந்த முனையில் திரும்பினால் மீன் சந்தை, அங்கிருந்து மேலே ஏறினால் ஏழு படிக்கட்டு என்று நடந்து காட்டினால் மறந்தது கூடவே எழுந்து வரும். இன்னொன்றும் இருக்கிறது. தரை வரைபடத்தில் பெயர் எழுத வந்த முதியவர் மண்டியிட்டாக வேண்டும். ஆலயத்தில் மண்டியிட்டுப் பழகிய ஜனங்கள், அதே ஆலயத் தரையில் மண்டியிட்டுத் தாம் வாழ்ந்த வீட்டைத் தேடிப் பிடித்துப் பெயர் எழுதினார்கள். இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கியிருக்க முடியாது.

அந்த வீடுகள் அநேகமாக எதுவும் இன்று இல்லை. கதை பலருக்குத் தெரிந்திருக்கலாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேப் டவுனின் ஆறாவது நகராட்சி வட்டாரம் என்று 1867-ல் பெயர் பெற்ற இடம் அது. விடுதலையான அடிமைகளின் வழிவந்தோர், துறைமுகத் தொழிலாளர்கள், கைவினைஞர்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள், இந்திய வணிகர்கள், ஹோஸா மொழி பேசும் ஆப்பிரிக்கர்கள், மலாய் முஸ்லிம்கள் என எல்லோரும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்ந்தார்கள். 1950-ல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் யார் எங்கே வாழலாம் என்பதைத் தோலின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானித்தது. 1966 பிப்ரவரி 11 அன்று டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர்களுக்கு மட்டுமான பகுதி என்று அறிவித்தார்கள். 1980-களின் தொடக்கத்துக்குள் 60,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்றி, கேப் ஃபிளாட்ஸ் என்ற மணற்காட்டுச் சமவெளியில் கட்டிய புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். புல்டோசர் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. சில தேவாலயங்களையும் மசூதிகளையும் மட்டும் விட்டுவைத்தது. வெறும் நிலத்தின் நடுவே தொழுகைக்கும் ஆராதனைக்கும் உரிய கட்டடங்கள் தனித்து நின்றன. கேப் ஃபிளாட்ஸிலிருந்து பஸ் பிடித்து வந்து தொழுதுவிட்டுப் போனவர்கள் உண்டு.

1980-களின் இறுதியில், காலியாகக் கிடந்த நிலத்தில் பெருநிறுவனம் ஒன்று கட்டடத் திட்டத்தோடு வந்தது. பழைய குடியிருப்பாளர்களும் அவர்களுக்கு ஆதரவானவர்களும் திரண்டு எதிர்த்தார்கள். அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான் இந்த அருங்காட்சியகம். 1989-ல் அறக்கட்டளை அமைந்தது. எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் நடந்த அதே 1994-ல், டிசம்பர் 10 அன்று, ‘தெருக்கள்’ என்ற கண்காட்சியோடு கதவு திறந்தது. இரண்டு வாரம் நடத்துவதாகத்தான் ஏற்பாடு. வந்தவர்கள் போகவில்லை, அல்லது போய்விட்டு அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கண்காட்சியை மூட முடியாமல் போயிற்று. அந்த அறக்கட்டளையின் முதல் உறுப்பினர்களில் ஒருவரான வின்சென்ட் கோல்ப் நூலகர், இசைக்கலைஞர். காட்சிகளை அமைப்பதில் முன்னின்ற பெகி டெல்போர்ட் ஓவியர். அருங்காட்சியக நிர்வாகத்தை ஏட்டில் படித்துத் தேர்ந்தவர்கள் கட்டிய இடமாக இது தொடங்கவில்லை. இது பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்தத் தெரிதலே ஒரு அழகு.

வரைபடத்தின் அருகே, கூரையிலிருந்து தொங்குகின்றன தெருப்பெயர்ப் பலகைகள். ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏணியின் படிகள் போல, 70-க்கும் மேற்பட்ட பலகைகள். அசல் பலகைகள். சுவர்களிலும் கம்பங்களிலும் வெயில் மழை பட்டு நின்றவை. ஆணி அடித்த துளைகளோடும் பெயர்ந்த பூச்சோடும் இருப்பவை. இவை எப்படிப் பிழைத்தன என்பதுதான் இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இடிப்பு வேலையை மேற்பார்த்த வெள்ளையர் ஒருவர், இடிபாடுகளோடு கடலில் கொட்டப்பட வேண்டிய இந்தப் பலகைகளை யாருக்கும் சொல்லாமல் தம் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து, அருங்காட்சியகம் உருவானபோது, பேசிப் பேசி அவரிடமிருந்து இவற்றைப் பெற்றார்கள். ஊரை இடித்த கைதான் ஊரின் பெயர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அருங்காட்சியகத்து வழிகாட்டிகள் இதை மறைப்பதில்லை. அந்த மனிதரை உத்தமராக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். என்ன மனநிலையில் ஒவ்வொரு பலகையாகக் கழற்றி வண்டியில் வைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே பலகைகளின் கீழ் நிற்கலாம். அரசாங்கம் ஒன்று இல்லாமலாக்கிய தெருவுக்கு, அரசாங்கமே அடித்து மாட்டிய பலகை சாட்சியாகிவிட்டது. நகராட்சி ஆவணம் போன்ற கெட்டியான சாட்சி வேறு எது?

கட்டடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. திராட்சை மது சேமித்து வைத்த கிடங்காக இருந்தது. 1883-ல் அது தேவாலயமாயிற்று. விடுதலையான அடிமைகளின் குடும்பங்கள் கூடிய சபை அது. பின்னால், நிறவெறி ஆட்சிக் காலத்தில், ஊர்வலம் கலைக்கப்பட்டால் ஓடி வந்து ஒதுங்கும் இடமாயிற்று; பக்கத்திலேயே கேலிடன் சதுக்கத்துக் காவல் நிலையம் இருந்தும்கூட. குடியிருப்பாளர்களை வெளியேற்றிக்கொண்டிருந்த 1971-லேயே, நடப்பதை நினைத்து வெட்கப்படுங்கள் என்று வழிப்போக்கர்களைக் கேட்டுக்கொள்ளும் ஒரு பலகையை இந்த ஆலயத்தின் வெளிச்சுவரில் பதித்தார்கள். அரசுக்கு அது பிடித்திருக்காது. பலகை இன்றும் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கென்று புதிதாகக் கட்டடம் எழுப்பாமல், ஏற்கெனவே மக்களுக்குப் பழகிய ஒரு வாசலையே எடுத்துக்கொண்டதால், உள்ளே வர யாருக்கும் தயக்கம் வரவில்லை. பளிங்குப் படிக்கட்டும் சீருடைக் காவலரும் இருந்தால் திரும்பிப் போய்விடக்கூடிய ஜனங்கள், கோவிலுக்கு வருவதுபோல வந்தார்கள்.

இங்கே ஒரு ஒப்பீடு அவசியமாகிறது. இதே நகரத்தில், நடந்து போகும் தூரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய தென்னாப்பிரிக்க அருங்காட்சியகம் இருக்கிறது. விலங்குகள், புதைபடிவங்கள், பறவைகள் இருக்கும் இயற்கை வரலாற்றுக் கூடம் அது. அந்தக் கூரையின் கீழேதான் சான் பழங்குடி மக்களின் உருவங்களையும் வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உயிரோடிருந்த மனிதர்களின் உடலில் அச்சு எடுத்து வார்த்த உருவங்கள். வேட்டைக்காட்சியாக அடுக்கி வைத்திருந்த அந்தக் காட்சியை 2001-ல்தான் மூடினார்கள். வெள்ளையரின் நாற்காலியும் வெள்ளிப் பாத்திரமும் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. மண்ணின் மைந்தர்கள் திமிங்கல எலும்புக்குப் பக்கத்தில் நின்றார்கள். அப்படிப்பட்ட நகரத்தில், அடிமைகளின் வழிவந்தவர்களும் கூலிக்காரர்களும் தையல்காரர்களும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொள்ளும் அருங்காட்சியகம் ஒன்று எழுந்தது என்றால், அவர்கள் கையில் பிடித்த மார்க்கர் பேனாவின் எடை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

பேனாவின் எழுத்து நிற்காதே என்ற கவலைக்கு அவர்கள் கண்ட வழியைச் சொல்லியாக வேண்டும். அங்கே ‘நினைவுத்துணி’ என்று ஒன்று தொங்குகிறது. வெளுக்காத காடாத்துணி, நீள நீளமாக. முன்னாள் குடியிருப்பாளர்களும் வருகிறவர்களும் அதில் பெயரும் முகவரியும் ஒரு வரிச் செய்தியும் எழுதுகிறார்கள். எழுதத் துணி தீர்ந்தால் இன்னும் துணி சேர்க்கிறார்கள்; அது ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பேனா மை வெளிறிவிடும் என்பதால் எழுதியதன் மேலேயே நூலால் தைத்துவிடுகிறார்கள்.

இந்தத் தையலைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தையல்காரர் எழுத்தைத் திருத்துவதில்லை. எழுதியவர் எந்த இடத்தில் கோணலாக இழுத்தாரோ அந்தக் கோணலிலேயே ஊசி போகிறது. எழுத்துப்பிழை இருந்தால் பிழையையும் தைக்கிறது. ஒருவர் ஒரு நொடியில் கிறுக்கிய கையெழுத்தை, இன்னொருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகத் தொடர்ந்து போகிறார். எழுதியவர் யாரென்று தைப்பவருக்குத் தெரியாமலிருக்கலாம். ஆனால் அந்தப் பெயரின் ஒவ்வொரு வளைவையும் அவர் விரல் கடந்திருக்கிறது. ஒருவர் பெயருக்கு இன்னொருவர் இதைவிட மரியாதை செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் அருங்காட்சியகங்கள் செய்யும் காரியங்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைக்குள், கையுறையோடு, நிபுணர்களால் நடக்கின்றன. அவை வேண்டியவைதான். இங்கே பாதுகாப்பு என்பது மடியில் துணியை விரித்துக்கொண்டு செய்யும் வேலை. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் தையல் தொழிலாளிகள் நிறைந்த பேட்டை. கேப் டவுனின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் அங்கிருந்து போன பெண்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். ஊருக்குத் தெரிந்த தொழிலையே ஊரின் நினைவுக்குக் காவலாக வைத்தது எவ்வளவு பொருத்தம்!

கேப் டவுனின் குடும்பப் பெயர்களையும் வாசித்துப் பார்க்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி, ஏப்ரல், செப்டம்பர் என்று மாதங்களின் பெயர்களே அங்கே குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அடிமைகளாகப் பிடித்து வந்த மனிதர்களுக்கு எஜமானர்கள் இப்படி மாதத்தின் பெயரை வைப்பது வழக்கமாக இருந்தது. அவர்கள் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார் மட்டுமல்லாமல் நம் சோழமண்டலக் கடற்கரையிலிருந்தும் வந்தார்கள். யாரோ ஒருவருடைய முப்பாட்டி நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து கப்பல் ஏற்றப்பட்டவளாக இருந்திருக்கலாம். அவளுக்கு வீட்டார் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் இல்லாமல் போயிருக்கலாம். அடிமைத்தளை 1834-ல் சட்டப்படி ஒழிந்து, கட்டாயப் பணிக்காலமும் 1838 டிசம்பரில் முடிந்தது. வெளியே வந்தவர்கள் வாடகைக்கு இடம் தேடிக் குடியேறிய பகுதிகளில் ஒன்று பின்னாளில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் ஆயிற்று. பெயரைப் பறிகொடுத்தவர்களின் சந்ததி பெயர் எழுதுவதற்கு இத்தனை முக்கியத்துவம் கொடுப்பதன் காரணம் இதில் இருக்கிறது.

இப்படியெல்லாம் பாராட்டிக்கொண்டே போகும்போது ஒரு ஆபத்தும் வருகிறது. இழந்த ஊர் எப்போதும் நல்ல ஊராகிவிடும். எல்லோரும் எல்லோரோடும் ஒற்றுமையாக இருந்தோம், கதவைப் பூட்டியதே இல்லை என்ற பேச்சு தானாக வந்துவிடும். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் நெரிசல் இருந்தது, பழுதுபார்க்காத வீட்டுக்கும் வாடகை வாங்கிய சொந்தக்காரர்கள் இருந்தார்கள், சண்டியர் கும்பல்கள் இருந்தன. அலெக்ஸ் லா கூமாவின் ‘இரவில் ஒரு நடை’ 1962-லேயே அந்த இருட்டை எழுதியிருக்கிறது. ரிச்சர்ட் ரைவ் 1986-ல் எழுதிய நாவல் சிரிப்பையும் அவலத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அருங்காட்சியகம் தன் கூடத்தின் தரையிலேயே எழுத்தாளர்களின் வரிகளைப் பதித்து அவர்களுக்கென்று ஒரு தளத்தை ஒதுக்கியிருக்கிறது. ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் ‘கலர்டு’ (கலப்பினத்தார்) என்று சட்டம் வகைப்படுத்திய மக்களின் ஞாபகம்தான் அங்கே ஓங்கி ஒலித்தது. 1966-க்கு வெகு முன்பே, 1901-ல், பிளேக் நோயைக் காரணம் காட்டி ஆப்பிரிக்கக் கறுப்பினத்தாரை இதே பேட்டையிலிருந்து கூட்டமாக வெளியேற்றினார்கள். அந்த முதல் வெளியேற்றம் இரண்டாவதன் நிழலில் மறைந்துகிடந்தது.

அதைச் சரிசெய்யும் முயற்சியில் பிறந்த ஒரு சின்ன அறைதான் என் பார்வையில் இந்த அருங்காட்சியகத்தின் மிக நேர்த்தியான காட்சி. 2000-ல் கட்டடத்தைப் பழுதுபார்த்துத் திறந்தபோது ‘இன்னும் ஆழமாகத் தோண்டுதல்’ என்ற பொருள்படும் பெயரில் புதிய கண்காட்சி அமைத்தார்கள். அதில் நோம்வுயோவின் அறை இடம்பெற்றது. நோம்வுயோ ங்செல்வானே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் வளர்ந்த ஆப்பிரிக்கப் பெண். 1998-ல் தம் சிறுவயதுப் பேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவர் குடும்பம் 1966 அறிவிப்புக்கு முன்பே வெளியேற வேண்டியிருந்தது. அந்தக் குடும்பம் வாழ்ந்ததைப் போன்ற ஓர் ஒற்றை அறையை அங்கே மீண்டும் அமைத்திருக்கிறார்கள்.

ஒரு அறை. அதுவே படுக்கையறை, அதுவே சமையலறை, அதுவே விருந்தாளி வந்தால் வரவேற்பறை. பொருள் எதுவும் விலையுயர்ந்ததில்லை. ஆனால் எல்லாம் எதை அடுத்து எது இருக்க வேண்டும் என்று தீர யோசித்து வைத்தவை. ஒரே மேசை சாப்பிடவும் படிக்கவும் துணி தேய்க்கவும் உதவும்போது, அதன் மேல் விரித்திருக்கும் துணிக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. வறுமையைக் காட்டுவதற்கென்று அமைத்த அறைகளை வேறு அருங்காட்சியகங்களில் பார்த்திருக்கிறோம். அங்கே அழுக்கும் ஓட்டையும்தான் முன்னால் வந்து நிற்கும். இந்த அறை அந்த வீட்டுப் பெண் எப்படி ஒழுங்காக வைத்திருந்தாள் என்பதைக் காட்டுகிறது. கேப் டவுனுக்குப் பக்கத்து லங்காவிலோ குகுலெத்துவிலோ ஒற்றை அறையில் வளர்ந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்தால் தலைகுனிய வேண்டியிருக்காது. தன் அம்மாவின் கைவண்ணத்தைத்தான் பார்ப்பார். சென்னை ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவருக்கும் அந்த அறையின் கணக்கு உடனே புரியும்.

1901-க்கும் இடம் கிடைத்தது. அந்த முதல் வெளியேற்றத்தைக் கண்ட ஹார்ஸ்ட்லி தெருவில் 1990-களில் கேப் டவுன் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். அரண்மனை கிடைக்கவில்லை; கிடைத்தவை உடைந்த பீங்கான், கண்ணாடி போன்ற அன்றாடப் புழக்கத்தின் மிச்சங்கள். நூறாண்டுக்குள் வாழ்ந்தவர்களின் சமையலறைச் சில்லுகளை அகழாய்வின் அக்கறையோடு எடுத்தது, இந்த மனிதர்களின் வாழ்வும் வரலாறுதான் என்று மண்வெட்டியால் சொன்னதாகும்.

அருங்காட்சியகம் ஊருக்கு என்ன செய்யும் என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில் 1997-ல் வந்தது. 1994-ல் இயற்றிய நிலவுரிமை மீட்புச் சட்டப்படி, பறிபோன நிலத்தைக் கேட்டு மனுச்செய்ய 1998 டிசம்பர் வரை அவகாசம் இருந்தது. தனித்தனிக் குடும்பங்களுக்கு நிலம் திரும்புவதைத் தடுத்துவிடக்கூடிய ஒரு மனுவும் நகராட்சித் தரப்பிலிருந்து வந்திருந்தது. அந்த விவகாரத்தில் நிலக் கோரிக்கை நீதிமன்றம் இந்த அருங்காட்சியகத்துக்குள்ளேயே வந்து கூடியது. நீதிபதி ஆசனம் போட்டு உட்கார்ந்த இடத்தைச் சுற்றி அந்தப் பலகைகள் தொங்கின. காலடியில் அந்த வரைபடம் இருந்தது. பத்திரமோ ரசீதோ கையில் இல்லாத வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு, தங்கள் கையால் எழுதிய பெயரும் பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய பெயரும் அங்கே அருகருகே இருந்தன என்பது எவ்வளவு பெரிய பலம்! ஞாபகம் என்று எல்லோரும் மென்மையாகச் சொல்லும் ஒன்று, வழக்கு நடத்தும் வலுவோடு அன்று அங்கே இருந்தது.

2004 பிப்ரவரி 11 அன்று, வெளியேற்ற அறிவிப்பு வந்த அதே தேதியில், திரும்பி வந்த முதல் இரண்டு பேரிடம் நெல்சன் மண்டேலா வீட்டுச் சாவிகளைக் கொடுத்தார். இருவருக்கும் வயது எண்பதுக்கு மேல். அதற்குப் பிறகு மீள்குடியேற்ற வேலை ஆமை வேகத்தில்தான் நடந்தது. மனுச்செய்தவர்களில் பலர் சாவியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 11-ல் பழைய ஹேனோவர் தெரு இருந்த இடத்துக்கு நடந்து போய், ஆளுக்கொரு கல்லைக் குவியலில் சேர்க்கிறார்கள். இந்த நடையை அருங்காட்சியகம் ஒருங்கிணைக்கிறது. அதன் காட்சிப்பொருள்களில் பாதி சுவருக்கு வெளியே இருக்கின்றன என்று சொல்வது மிகையாகாது.

வழிகாட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நூர் இப்ராஹீம் அவர்களில் நன்கு அறியப்பட்டவர். கேலிடன் தெருவில் வாழ்ந்த தம் கதையைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். பந்தயப் புறா வளர்த்தவர். வெளியேற்றப்பட்டபோது புறாக்களையும் கொண்டுபோய்ப் புது வீட்டில் கூண்டு கட்டி, சில மாதம் பழக்கிவிட்டுத் திறந்துவிட்டார். மாலையில் ஒன்றும் திரும்பவில்லை. மறுநாள் பழைய பேட்டை வழியாகப் போனபோது, இடித்துத் தள்ளிய தம் வீடு இருந்த வெற்றிடத்தில் எல்லாப் புறாக்களும் உட்கார்ந்திருக்கக் கண்டார். இந்தக் கதையை அவர் எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். கேட்டவர் ஒருவருக்கும் அது பழைய கதையாக இருந்திருக்காது, ஏனென்றால் சொல்பவர் தம் வீட்டு எண் எழுதிய தரையிலேயே நின்று சொன்னார். அருங்காட்சியகக் குறிப்பட்டை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், அதைப் பார்த்து எதிர்க்கேள்வி கேட்க முடியாது. வழிகாட்டியைக் கேட்கலாம். உங்கள் தெருவில் யார் நல்ல சமையல்காரர் என்றுகூடக் கேட்கலாம்.

அந்தக் கேள்வியையே அருங்காட்சியகம் முறையாகக் கேட்டும் பார்த்தது. ‘ஹைஸ் கோம்பைஸ்’ என்ற திட்டத்தில், வீட்டுச் சமையலறை என்ற பொருளில், பழைய குடியிருப்பாளர்களை, பெரும்பாலும் முதிய பெண்களை, ஒன்றுகூட்டிச் சமையல் ஞாபகங்களைப் பேச வைத்தார்கள். பேசியதைத் துணியில் தைக்கவும் வைத்தார்கள். மேசை விரிப்பிலும் கைத்துண்டிலும் சமையல் குறிப்புகள் நூலெழுத்தாக வந்தன. கேப் டவுன் வீடுகளின் சமையல் நம் வாசகர்களுக்கு அந்நியமாக இராது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மசாலா மணக்கும் மாவை உருட்டிப் பொரித்து, பாகில் தோய்த்து, தேங்காய்த் துருவலில் புரட்டிய கூசிஸ்டர். ஈஸ்டர் காலத்தில் மஞ்சளும் வெங்காயமும் வினிகரும் சேர்த்து ஊறவைத்த மீன். கிறிஸ்தவர் வீட்டுப் பண்டிகைக்கு உரியதென்றாலும் முஸ்லிம் வீட்டிலும் அந்த நாளில் அதே மீன் ஊறும். பிரியாணி அங்கேயும் பிரியாணிதான், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் வேறு.

சமையல் குறிப்பைத் தாளில் எழுத ஐந்து நிமிடம் போதும். தைக்க நாள்கணக்கில் ஆகும். ஒரு சிட்டிகை, ஒரு கை என்று மனதில் இருந்த அளவுகளை எழுத்தெழுத்தாக ஊசியில் கோக்கும்போது, இந்த மசாலா யாரிடம் வாங்கியது, இந்தப் பாத்திரம் யார் வீட்டிலிருந்து இரவல் வந்தது என்ற பேச்சும் கூடவே எழுகிறது. இந்தப் பேச்சுக்காகத்தான் தையலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கேள்வித்தாளும் ஒலிப்பதிவுக் கருவியும் முன்னால் இருந்தால் வாய் திறக்காத பெண்கள், கையில் ஊசி இருந்தால் பேசிக்கொண்டே இருப்பார்கள். 2016-ல் இந்தத் திட்டம் சமையல் புத்தகமாக வெளிவந்தது. குறிப்புகளோடு அவற்றைச் சொன்னவர்களின் படங்களும் கதைகளும் அதில் இடம்பெற்றன. 2020-ல் கொரோனா ஊரடங்கால் வருகையாளர் கட்டணம் நின்றுபோய், அருங்காட்சியகத்தையே மூட வேண்டிய நிலை வந்து, அவர்கள் பொதுமக்களிடம் கையேந்தியபோது, கேப் ஃபிளாட்ஸில் எத்தனையோ வீட்டு அடுப்படியில் அந்தப் புத்தகம் எண்ணெய்க் கறையோடு இருந்திருக்கும்.